இரவல் விலாசம்

கம்பெனியில் அவளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். வேலை நேரத்தில் உதட்டுக்கு நடுவே எப்போதும் நாலு குண்டூசி வைத்திருப்பாள் என்பது இன்னொன்று. சட்டைகளுக்குக் காஜா எடுப்பது, அதாவது பொத்தான் துளை போடுவது, அவள் வேலை. கல்யாணமாகி ஆறாவது வருஷம் அவள் உண்டானாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் பக்கத்து எந்திரத்துக்காரி, “இப்பத்தான் பேருக்கேத்த மாதிரி குண்டும் இருக்கு, ஊசியும் இருக்கு” என்றாள். அன்று முழுக்க வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவளும் புருஷனும் குடியிருந்தது பள்ளத்தில். ரயில் பாதைக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்து கிடப்பதால் அந்தப் பேர். மேற்கே இருப்பது மேடு. புருஷன் டைல்ஸ் ஒட்டுபவர். மேட்டில் அவர் தரை போடாத தெரு இல்லை. ஆனால் அங்கே வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், “இப்ப எங்க இருக்கீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. பள்ளம் என்று சொன்னதும் வீட்டுக்காரருக்கு வெளியூரிலிருந்து வரப்போகிற தம்பியோ மச்சானோ ஞாபகத்துக்கு வந்துவிடுவார். “நான் ஒட்டின தரையில நான் படுக்கக் கூடாதாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார் டைல்ஸ்காரர். ஐந்தாறு வீடு பார்த்த பிறகு சிரிப்பதை விட்டார். வீடு பார்ப்பதையும் விட்டார்.

பள்ளத்தில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் வருவார். ஸ்கேன் எந்திரம் வந்து இரண்டு வருஷமாகியும் உறை பிரிக்கவில்லை. அதை இயக்க ஆள் போடவில்லை. பிரசவமாகி வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் அந்தத் தெருக்களில் யாரும் எடுத்த எடுப்பில் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. “நல்லா இருக்கா?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. அந்த வருஷம் அவர்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் அடுத்த கேள்விக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

பள்ளத்திலேயே பக்கத்துத் தெருவில் இருந்த புருஷனின் அக்கா மேட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாளின் வீடு. தெருவே அவரை லைப்ரரியம்மா என்றுதான் சொல்லும். வீட்டுக்குப் பின்னால் தனி வாசலோடு ஓர் அறை காலியாகக் கிடந்தது. தம்பி குடும்பத்துக்கு அதை வாடகைக்குத் தர முடியுமா என்று அக்கா ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தெருவுல பேசுவாங்க” என்றார் லைப்ரரியம்மா. அப்படிச் சொன்னதில் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவராகவே வந்து சொன்னார். “மேட்டுல இருக்கற நகரசபை கிளினிக்ல இந்த வார்டு ஆளுங்களை மட்டும்தான் பார்ப்பாங்க, இல்லையா? உன் தம்பி பொண்டாட்டி என் பின்னறையில குடியிருக்கான்னு ஒரு கடிதம் எழுதித் தர்றேன். அதைக் காட்டிப் பதிஞ்சுக்கட்டும்.”

அறையில் குடியிருக்க முடியாதவர்கள் அதன் விலாசத்தில் குடியிருக்கலாம் என்றாயிற்று. கிடைத்தவரை லாபம் என்று அக்கா கடிதத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள்.

பதிவு செய்யப் போவதற்கு முன்னால் அக்கா அவளுக்கு இரண்டு நாள் பாடம் எடுத்தாள்.

“எதிர் வீடு?”

“பல் டாக்டர் வீடு. நீலக் கேட்.”

“பால் எங்க வாங்குறீங்க?”

“முனைக்கடையில.”

“புருஷன் என்ன பண்றார்?”

“டைல்ஸ் ஒட்டுறார்.”

“டைல்ஸ் கடை வச்சிருக்கார்னு சொல்லு. நீ வேலைக்குப் போறதா மூச்சு விடாத. அந்தத் தெருவுல காஜா எடுக்கறவ யாரும் கிடையாது.”

கிளினிக்கில் யாரும் நீலக் கேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பதிவுப் பெண் கடிதத்தைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், அட்டை கொடுத்தாள். உட்காருங்கம்மா என்றாள். நாற்காலியில் மெத்தை இருந்தது. எடை பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைச் சத்தமாக வைத்துக் கேட்க விட்டார்கள். கம்பெனியில் இருபது எந்திரம் ஒன்றாக ஓடுகிற மாதிரி இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். டைல்ஸ்காரர் அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஏழாவது மாதம் கடந்து ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது.

“நிறைய நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்றீங்களா?”

“இல்ல டாக்டர். வீட்டுலதான் இருக்கேன்.”

“தலைவலி?”

தலைவலி இருந்தது. எந்திரச் சத்தத்தில் வருகிறது என்று அவள் நினைத்திருந்தாள். எந்திரத்தைப் பற்றிப் பேச முடியாது என்பதால், “இல்ல” என்றாள்.

ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, உப்பைக் குறைத்துக்கொண்டு ஓய்வாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. ரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு, முடிவு வர இரண்டு நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் அவள் காலை ஷிப்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டைல்ஸ்காரர் ஒரு குளியலறையில் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் பசை. முழங்கையால் அமுக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“கிளினிக் நர்ஸ் பேசுறேங்க. உங்க வீட்டுக்கு நேத்தும் வந்தேன், இன்னைக்கும் வந்தேன். பூட்டியிருக்கு. எதிர் வீட்டுல கேட்டா, ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்றாங்க?”

எதிர் வீட்டுக்காரர் சொன்னது லைப்ரரியம்மாவைப் பற்றி. அவர் மகளைப் பார்க்கப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்ததால் அக்காவும் பத்து நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் டைல்ஸ்காரருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டைச் சோதிக்க ஆள் வந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அரசாங்கத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்த எவரும், அவர் அங்கே இருக்கலாமா கூடாதா என்று பார்க்க வந்தவர்கள்தான்.

“ஆமாங்க. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா.”

“எப்ப வருவாங்க?”

“ஒரு வாரம் ஆகும்.”

“ரிப்போர்ட் வந்திருக்கு. டாக்டர் உடனே பார்க்கணும்னு சொல்றாங்க. முடிஞ்சா நாளைக்கே வரச் சொல்லுங்க. இல்லேன்னா அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லுங்க. சொல்லிடுவீங்களா?”

“கண்டிப்பா சொல்றேங்க.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “நர்ஸ் வந்து கதவைத் தட்டியிருக்கு. ஆள் ஊர்ல இல்லைன்னு சமாளிச்சுட்டேன்” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரிப்போர்ட் என்று சொன்னதையும் உடனே என்று சொன்னதையும் அவர் மறைக்கவில்லை. சொன்னார்.

“அப்படித்தான் சொல்லுவாங்க” என்றாள் அக்கா. “ஆளை வரவழைக்கணும்ல. நாளைக்கே போய் நின்னா, ஊர்ல இருக்கறவ எப்படி வந்தான்னு மாட்டிக்குவோம். அடுத்த வெள்ளிக்கிழமை போகட்டும். அதுக்குள்ள லைப்ரரியம்மாவும் வந்துடுவாங்க. ஒரு நாள் பின்னறையைத் திறந்து வச்சு உக்கார வச்சுடலாம்.”

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அட்டை போய்விட்டால் மறுபடியும் பள்ளத்து சுகாதார நிலையம். மூன்று பேரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

புதன்கிழமை எந்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளைத் துணியில் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தன. நூல் அழுக்கு என்று தட்டிவிடப் பார்த்தாள். பொட்டுகள் நகர்ந்தன. துளை விழ வேண்டிய இடம் விலகி விலகிப் பதினோரு சட்டை வீணான பிறகுதான் சூப்பர்வைசர் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர் அவள் முகத்தைக் கண்டதும், “வீட்டுக்குப் போம்மா” என்றார். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. அக்கா பள்ளத்து சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். புதன்கிழமை டாக்டர் இல்லை. மாத்திரை கொடுக்கிறவர் தலைவலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்து, வெள்ளிக்கிழமை வாங்க என்றார்.

வியாழக்கிழமை காலை அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மேல்வயிறு பிடுங்குகிறது என்றாள்.

“மேட்டுக்கே போயிடலாம்” என்றார் டைல்ஸ்காரர்.

“நாளைக்குத்தானே ஊர்லேர்ந்து வர்றதா…” என்று ஆரம்பித்த அக்கா, தன் வாயில் என்ன வருகிறது என்று கேட்டுத் தானே நிறுத்திக்கொண்டாள். “போ. வண்டியைக் கூப்பிடு. போடா.”

கிளினிக் வாசற்படியில் அவளுக்கு வலிப்பு வந்தது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு கிராம். உயிரோடுதான் பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூச்சுக்குழாய் போட்டார்கள். டைல்ஸ்காரரைக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிர்ச்சுவரில் ஒரு டைல் கால் அங்குலம் இறங்கி ஒட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பதினொன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து பேசியபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு நினைவு திரும்பியது அன்று மத்தியானம். அக்கா பக்கத்தில் இருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு, “கம்பெனிக்குச் சொல்லியாச்சா?” என்றாள்.

“சொல்லியாச்சு.”

“சரி.”

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நடையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அவள் ஒரு துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, வேறு யாருடைய உடம்பையோ கவனித்துக்கொள்கிறவள் மாதிரி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றினாள். வேளைக்குச் சாப்பிட்டாள். வந்தவர்கள் அழுதால் அழுது முடிக்கிற வரை பொறுத்திருந்தாள்.

லைப்ரரியம்மா ஊரிலிருந்து திரும்பியிருந்தார். விஷயம் கேட்டதும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். நல்லது நினைத்துத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா” என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் வாசல் மணி அடித்தது. கிளினிக் நர்ஸ்.

பிரசவமான வீடுகளுக்குப் பத்தாம் நாளுக்குள் நர்ஸ் போய்ப் பார்க்க வேண்டும். நடுவயதுக்காரி, தோள்பை, வெயிலில் கறுத்த முன்கை. “பின்னறையில இருக்கறவங்களைப் பார்க்கணும்” என்றாள். லைப்ரரியம்மா அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு இனிமேல் காப்பாற்ற ஒன்றும் இல்லை. நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னாள்.

நர்ஸ் பையைத் தரையில் வைத்தாள்.

“உண்மையான விலாசத்தைச் சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?” என்றாள் அக்கா. சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நர்ஸ் யோசித்தாள். “இல்ல. என் ஏரியா தண்டவாளத்தோட முடியுது. அந்தப் பக்கத்துக்கு எங்க ஆபீஸ்ல ஆளே போடல. பதிவே பண்ணியிருக்க மாட்டாங்க. ரத்தம் எடுத்திருக்க மாட்டாங்க. ரிப்போர்ட்னு ஒண்ணு வந்தே இருக்காது.”

அன்று வேலை முடிந்து போகும்போது நர்ஸ் அக்காவோடு தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வந்தாள். அது அவள் வேலை இல்லை. யாரும் அனுப்பவும் இல்லை. பள்ளத்து வீட்டுக்குள் வந்ததும் உட்கார இடம் பார்த்தாள். இருந்தது ஒரே அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து குண்டூசியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

“இன்னும் ஏத்தமாத்தான் இருக்கு. மாத்திரையை விடாதீங்க. பால் கட்டினா ஈரத்துணி போடுங்க, பிழியாதீங்க.”

“சரிங்க.”

“என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா.”

அவள் கேட்டாள். “நீங்க போன் பண்ண அன்னைக்கே நான் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

டைல்ஸ்காரர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நர்ஸ் அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அட்மிட் பண்ணியிருப்போம். பிரஷருக்கு மருந்து. குழந்தையோட நுரையீரல் பலப்பட ஊசி போடுவாங்க, அது வேலை செய்ய ரெண்டு நாள் வேணும். அந்த ரெண்டு நாள் கிடைச்சிருந்தா…” அவள் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தாள். “எல்லாம் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா நான் போன்ல சரியா சொல்லியிருக்கணும். யூரின்ல புரோட்டீன் போகுது, பிரஷர்னு சொன்னா பயந்துடுவாங்கன்னு சொல்லாம விட்டேன்.”

டைல்ஸ்காரர் படியிறங்கித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அதன்பிறகு நாலு நாள் அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். போன் அடித்தால் எடுக்க மாட்டார், அவளிடம் நீட்டுவார்.

பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில் பதிய வேண்டியிருந்தது. நகரசபை அலுவலகத்தில் இரண்டு ஜன்னல். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைப் பார்த்துக் குமாஸ்தா இரண்டு படிவத்திலும் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். தாயின் விலாசம் வந்தது. லைப்ரரியம்மா வீட்டு எண், மேட்டுத் தெரு.

“அது தப்பு” என்றாள் அவள்.

குமாஸ்தா நிமிர்ந்தார். டைல்ஸ்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். “விடு. எழுதினது இருக்கட்டும். இன்னொரு வம்பு எதுக்கு?”

“அது தப்புங்க. நாங்க இருக்கறது பள்ளத்துல.”

“இங்க அப்படித்தானேம்மா போட்டிருக்கு. மாத்தணும்னா ஆஸ்பத்திரி கடிதம் வேணும், உங்க விலாசத்துக்கு அத்தாட்சி வேணும், மனு எழுதணும். எதுக்கு வீண் அலைச்சல்? ரெண்டு விலாசமும் இந்த ஊர்தானே?”

“அந்த வீட்டுல யாரும் சாகலைங்க” என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அதைச் சொன்ன விதத்தில், பின்னால் நின்றவர்கள்கூட அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துகொண்டார்கள். குமாஸ்தா பேனாவை மூடினார்.

மூன்று தடவை அலைய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரி, முதலில் கொடுத்த விலாசம் பொய்யா என்று கேட்டு, ஆமாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிளினிக்கிலிருந்து லைப்ரரியம்மாவுக்கு எச்சரித்து ஒரு கடிதம் போயிற்று. அவர் அதை அக்காவிடம் காட்டி, இனிமேல் இந்த மாதிரி யாருக்கும் செய்ய முடியாதும்மா என்றார். அக்கா தலையாட்டிவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

“எதுக்கு இவ்வளவு பிடிவாதம்? அந்தத் தாளை யாரு படிக்கப் போறா?” என்று அக்கா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். வருஷக் கடைசியில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை தங்கவில்லை என்று கணக்கெடுப்பார்கள் என்று நர்ஸ் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஆள் போடுவார்கள், சில சமயம் போடவும் மாட்டார்கள் என்றாள். ஆனால் குண்டூசி அதையெல்லாம் சொல்லவில்லை. “தெரியலக்கா. தப்பா இருக்கே, அதான்” என்றாள்.

திருத்திய தாள் கையில் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை காலை. பேர் என்ற இடத்தில் கோடு. விலாசம் என்ற இடத்தில் பள்ளம் என்று இல்லை. நகரசபை வைத்திருக்கிற நீளமான பேர் இருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். மத்தியான ஷிப்டுக்கு நேரம் இருந்ததால் நேரே கம்பெனிக்குப் போனாள். பக்கத்து எந்திரத்துக்காரி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்து, எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், “வந்துட்டியா” என்றாள். அன்று அவள் நானூறு சட்டைக்குக் காஜா எடுத்தாள். ஒன்றும் வீணாகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டைல்ஸ்காரர் முன்னாலேயே வந்திருந்தார். சமைத்து மூடி வைத்திருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி அவர் கேட்டார்.

“என் மேல கோவமா?”

அவள் உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“தெரியலங்க. வந்தா சொல்றேன்.”

“சொல்லு” என்றார் அவர். “கண்டிப்பா சொல்லு.”

“சரி” என்றாள். பாயை உதறிப் போட்டாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.